குடிமையியலில் தேறினால்தான் சான்றிதழா?

குடிமையியல் தேர்வில் தேறாத மாணவருக்கு அமெரிக்காவின் சில மாநிலங்கள் பள்ளி இறுதிச் சான்றிதழ் தருவதில்லை. இந்தச் செய்தியைச் சென்ற இதழில் வெளியிட்டு, 'நம் ஊரிலும் இது வேண்டுமா?' என்று கேட்டிருந்தோம். கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கேள்விகள் வந்தன. சமூக அறிவியல் ஆசிரியர்களும் தேர்தல் பணி தெரிந்தவர்களும் சேர்ந்த குழு பதில் தருகிறது.

அமெரிக்காவில் உண்மையில் என்னதான் நடக்கிறது? நாடு முழுவதும் இந்தத் தேர்வு உண்டா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

நாடு முழுவதும் கிடையாது. பள்ளிப் படிப்பை முடிக்க என்னென்ன வேண்டும் என்பதை அங்கே ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. 2015 ஜனவரியில் அரிசோனா முதலில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வடக்கு டகோட்டாவும் யூட்டாவும் பின்தொடர்ந்தன. இதற்கென்று யாரும் புதிதாக வினாத்தாள் தயாரிக்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் வெளிநாட்டவருக்காக அரசு வெளியிட்டிருந்த 100 கேள்விகளையே எடுத்துக்கொண்டார்கள். குடியுரிமை நேர்காணலில் அந்த 100-இலிருந்து 10 கேள்விகளை அதிகாரி வாய்மொழியாகக் கேட்பார். 6 சரியாக இருந்தால் போதும். அரிசோனா சட்டம் வந்தபோது மாணவருக்கு 100-க்கு 60 என்று வைத்தது. யூட்டாவில் 50-க்கு 35. தவறினால் தேறும் வரை திரும்பத் திரும்ப எழுதலாம்.

எல்லா மாநிலங்களும் இந்த வழியில் போகவில்லை. ஃபுளோரிடாவில் 7-ஆம் வகுப்பில் குடிமையியல் இறுதித் தேர்வு உண்டு. அந்தப் பாடத்தின் மதிப்பீட்டில் அதற்கு 30 விழுக்காடு. மாசசூசெட்ஸ் 2018-இல் இயற்றிய சட்டம், தேர்வுக்குப் பதில் மாணவர்களே முன்னின்று செய்யும் குடிமைச் செயல்திட்டம் ஒன்றை ஒவ்வொரு அரசுப் பள்ளியும் 8-ஆம் வகுப்பிலும் மேல்நிலையிலும் நடத்த வேண்டும் என்கிறது. எங்கள் குழுவுக்குப் பிடித்தது இந்த மாசசூசெட்ஸ் வழிதான். காரணத்தைக் கீழே படிப்பீர்கள்.

தேர்வைக் கட்டாயமாக்கியதால் இளைஞர்கள் கூடுதலாக வாக்களிக்க வந்தார்களா என்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அப்படி எந்த உயர்வும் தென்படவில்லை. கேள்வியும் விடையும் முன்கூட்டியே கையில் இருக்கும் தேர்வு மனப்பாடத்தைத் தாண்டிப் போவதில்லை. 'ஒரு மதிப்பெண்' வினாக்களைக் கைடில் உருப்போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

என் அண்ணன் மகள் அப்பாவின் வேலை காரணமாக அரிசோனாவுக்குப் போய் அங்கே 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். இந்தியக் குடிமகளான அவளும் இந்தத் தேர்வு எழுத வேண்டுமா? எப்படிப் படிக்கலாம்?
– வாசகி, நெய்வேலி

எழுத வேண்டும். அது குடியுரிமைக்கான தேர்வு இல்லை, பள்ளியை முடிப்பதற்கான தேர்வு. மாணவி எந்த நாட்டவர் என்பது கணக்கில் வராது. தேர்ச்சி எல்லையையும் தேர்வு முறையையும் மாநிலங்கள் அவ்வப்போது மாற்றுவதுண்டு. குடியுரிமைத் தேர்வின் கேள்விப் பட்டியலும் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியல். அதிலிருந்து 20 கேட்கப்படும், 12 சரியாக வேண்டும். அதனால் எந்தப் பட்டியல், எத்தனை மதிப்பெண், எந்த மாதம் என்ற மூன்றையும் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கேள்விகள் அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

இங்கே 10-ஆம் வகுப்பு வரை படித்துவிட்டுப் போன பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. நம் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அங்கே அமைச்சர் பொறுப்புக்கு வருபவர் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருக்கக் கூடாது. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், புதுச்சேரிக்கு 1. அங்கே செனட்டில் பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் 2 பேர்தான், மொத்தம் 100. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், பதவிக்காலம் 2 ஆண்டு. செனட்டருக்கு 6, குடியரசுத் தலைவருக்கு 4. ஒன்றிய, மாநில, பொதுப் பட்டியல்கள் எதிலும் சொல்லப்படாத அதிகாரம் இங்கே அரசியலமைப்பின் 248-ஆம் விதிப்படி ஒன்றிய அரசுக்கு. அங்கே ஒன்றிய அரசுக்குத் தரப்படாத அதிகாரம் அரசியலமைப்பின் 10-ஆம் திருத்தப்படி மாநிலங்களுக்கும் மக்களுக்கும். இந்தக் கடைசி வேறுபாட்டில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தவறுகிறார்கள், ஏனென்றால் இங்கே படித்தது மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும். இன்னொன்று: ஆளுநர் யார், செனட்டர் யார் போன்ற கேள்விகளுக்கு விடை மாநிலத்துக்கு மாநிலம் வேறு, தேர்தலுக்குத் தேர்தல் வேறு. பழைய காணொளியைப் பார்த்துப் படிக்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் பத்தாவதில் சமூக அறிவியல் பாஸ் செய்துதானே வெளியே வருகிறார்கள்? தனியாக இன்னொரு தேர்வு எதற்கு?
– பெற்றோர், விருத்தாசலம்

பாஸ் செய்கிறார்கள், ஆனால் குடிமையியலில் பாஸ் செய்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்புச் சமூக அறிவியல் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே தாளில். வரலாற்றையும் புவியியலையும் படித்து, வரைபடத்தையும் காலக்கோட்டையும் ஒழுங்காகப் போட்டால் 35 தாண்டிவிடலாம். குடிமையியல் பக்கத்தைத் திறக்காமலே தேர்ச்சி பெற முடியும். சி.பி.எஸ்.இ.யிலும் இதே கதைதான்: எழுத்துத் தேர்வு 80, நான்கு பகுதிக்கும் தலா 20, அகமதிப்பீடு 20, தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. அரசியல் பகுதியில் பூஜ்யம் வாங்கினாலும் மாணவர் தேறிவிடுவார்.

இதைவிடப் பெரிய ஓட்டை அடுத்த இரண்டு ஆண்டுகள். பத்தாவது முடிக்கும்போது வயது 15 அல்லது 16. பிறகு அறிவியல், வணிகவியல் பிரிவுகளுக்குப் போகிறவர்கள் குடிமையியலைத் தொடுவதே இல்லை. அரசியல் அறிவியல் உள்ள கலைப் பிரிவை எடுப்பவர்கள் மட்டும் படிக்கிறார்கள். 18 வயதில் முதல் வாக்கு வரும்போது, மத்திய அரசு, மாநில அரசு என்று பத்தாவதில் படித்த அலகுகள் மறந்து போயிருக்கும். உள்ளாட்சி பற்றிய பாடம் இருந்தது ஒன்பதாவதில், அது இன்னும் முன்னால்.

எனவே, தேவை இருக்கிறது. ஆனால் சான்றிதழை நிறுத்தி வைக்கும் தேர்வு தேவையில்லை. அப்படிச் செய்தால் அடிபடப்போவது முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளும், தனித்தேர்வர்களும், 35-ஐத் தொடவே போராடுகிறவர்களும்தான். ஒரு மீனவக் குப்பத்துப் பெண் கணிதத்திலும் அறிவியலிலும் தேறிவிட்டு, எத்தனையாவது சட்டத்திருத்தம் என்ற கேள்விக்கு விடை தெரியாததால் நர்சிங் படிப்பில் சேர முடியாமல் போனால், அதில் எந்தக் குடிமை உணர்வும் வளராது. பிளஸ் ஒன், பிளஸ் டூ எல்லாப் பிரிவுகளுக்கும் வாரம் ஒரு பாடவேளை, ஆண்டு முடிவில் அகமதிப்பீடு, மார்க் ஷீட்டில் தனி வரி: இது போதும்.

பாகூரில் அரசுப் பள்ளியில் படிக்கிறேன். ஆளுநர், மாநகராட்சி, மேயர் என்று புத்தகத்தில் இருப்பது எதுவும் எங்கள் ஊரில் இல்லையே? இப்படி ஒரு தேர்வு வந்தால் எங்களுக்கு எது சரியான விடை?
– 11-ஆம் வகுப்பு மாணவர்

மிக நல்ல கேள்வி, தம்பி. பொது வினாத்தாள் போட நினைக்கிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி அமைப்பே வேறு. கடலூரில் படிக்கும் மாணவருக்கு ஆளுநர், 234 பேர் கொண்ட சட்டமன்றம், 2021-இல் மாநகராட்சி ஆன கடலூர், அதில் 45 வார்டுகள். உனக்குத் துணைநிலை ஆளுநர். 239A விதியின் கீழ் 1963-ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் சட்டப்படி அமைந்த சட்டமன்றம். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 30, ஒன்றிய அரசு நியமிப்பவர் 3. அந்த நியமனத்துக்குப் புதுச்சேரி அமைச்சரவையின் பரிந்துரை தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். 'டெல்லி மாதிரிதான் புதுச்சேரியும்' என்று எழுதிவிடாதே: காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றிலும் டெல்லி சட்டமன்றம் சட்டம் இயற்ற முடியாது, புதுச்சேரிக்கு அந்தத் தடை இல்லை.

உள்ளாட்சியில் புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் என 5 நகராட்சிகள். பல ஊர்களைச் சேர்த்து அமைந்த கொம்யூன் பஞ்சாயத்துகள் 10. உன் பாகூர் அதில் ஒன்று. 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011-இல் முடிந்தபின் நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று 243E விதி சொல்கிறது. விதிக்கும் நடப்புக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் புரிந்துகொள்வதுதான் குடிமையியல். அக்கரையிலும் இதே சிக்கல் வந்தது: கடலூர் மாவட்ட ஊராட்சிகளில் 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

அரசு நினைத்தால் இதைக் கட்டாயமாக்க முடியுமா?
– வாசகர், வில்லியனூர்

தமிழ்நாட்டில் முடியும். கல்வி 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனாலும், மாநிலத் தேர்வுத் துறையின் சான்றிதழுக்கு நிபந்தனை விதிப்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. புதுச்சேரி நிலை வேறு. அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, சான்றிதழ் தருவது டெல்லியில் உள்ள வாரியம். அந்தச் சான்றிதழுக்குப் புதிய நிபந்தனை சேர்க்கப் புதுச்சேரி அரசால் முடியாது. பள்ளி அளவில் பாடமும் மதிப்பீடும் வைக்கலாம், தடையில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் குடிமைக் கல்வித் தேர்வு உண்டா?
– வாசகி, குருசுக்குப்பம்

உண்டு. நம் ஒன்பதாம் வகுப்புக்கு இணையான ஆண்டின் முடிவில் எழுதும் 'புரூவே' தேர்வில் வரலாறு, புவியியல், குடிமைக் கல்வி மூன்றும் சேர்ந்து 2 மணி நேரத் தாள். அதில் கேட்கப்படுவது பிரெஞ்சுக் குடியரசின் அமைப்பு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். பள்ளியில் படிக்கும் இந்தியப் பிள்ளைகளுக்கு நம் அரசியலமைப்பை வீட்டில்தான் சொல்லித் தர வேண்டும்.

தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் ஓட்டுரிமை கொடுத்தால் நாடு உருப்படாதா?
– ஓய்வு பெற்ற அலுவலர், மஞ்சக்குப்பம்

இதை ஏற்க முடியாது. 326-ஆம் விதி வயது வந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்கைக் கொடுத்திருக்கிறது. படிப்பை நிபந்தனையாக வைக்கவில்லை. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த நாட்டில், வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து அதன் மேல் சின்னம் ஒட்டி முதல் தேர்தலை நடத்திக் காட்டினோம். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு வைத்துக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டத் தொடங்கியது. தேர்வு நடத்துகிறவர் கையில் வாக்குரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வரலாறே போதும். பள்ளியில் வைக்கும் தேர்வு வேறு, வாக்குரிமை வேறு. இரண்டையும் ஒருநாளும் முடிச்சுப் போடக் கூடாது.

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நாங்களாகவே இப்படி ஒரு மதிப்பீடு வைக்க விரும்புகிறோம். வினாத்தாளை எப்படி அமைக்கலாம்? எங்கே தவறு வரும்?
– முதுகலை ஆசிரியர், பண்ருட்டி

50 மதிப்பெண்ணுக்கு வையுங்கள். 20 எழுத்துத் தேர்வு, 15 ஆவணம் படித்தல், 15 செய்முறை. எழுத்துத் தேர்வுக்கு 30 நிமிடம் போதும்.

எழுத்துத் தேர்வில் எண்ணிக்கைக் கேள்விகளைக் குறையுங்கள். 'அரசியலமைப்பில் எத்தனை விதிகள்?' என்று கேட்டால் சண்டைதான் வரும். தொடக்கத்தில் 395, திருத்தங்களால் சேர்ந்தவற்றைக் கணக்கிட்டால் வேறு எண். 'அடிப்படைக் கடமைகள் எத்தனை?' என்றால் பழைய கைடு 10 என்னும். 2002-இல் 86-ஆம் திருத்தம் 11-ஆவதைச் சேர்த்தது. வாக்களிக்கும் வயது 18 ஆனது எப்போது என்றால் 61-ஆம் திருத்தம் நிறைவேறிய 1988-ஐ ஒரு பிள்ளை எழுதும், நடைமுறைக்கு வந்த 1989-ஐ இன்னொன்று எழுதும். இரண்டுக்கும் மதிப்பெண் தருவீர்களா என்று முன்பே முடிவு செய்யுங்கள். புதுச்சேரி பற்றிய கேள்விகளிலும் இந்தக் கண்ணி உண்டு: கீழூர் வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18, நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. 'இந்தியாவோடு எப்போது சேர்ந்தது?' என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது.

பதவியில் இருப்பவர் பெயரைக் கேட்பதும் வேண்டாம். அது பொது அறிவுப் போட்டிக்கு. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: காட்டுமன்னார்கோவிலில் இருப்பவர் மக்களவைக்கு எந்தத் தொகுதியில் வாக்களிப்பார்? கடலூர் மாவட்டத்துக்காரர்தானே என்று பலர் கடலூர் என்றே எழுதுவார்கள். சரியான விடை சிதம்பரம். மாவட்டத்தின் 9 சட்டமன்றத் தொகுதிகளில் புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் மூன்றும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சேர்ந்தவை. பண்ருட்டி, நெய்வேலி உள்ளிட்ட மற்ற ஆறும் கடலூரில்.

ஆவணம் படித்தலுக்கு உண்மையான தாள்களின் நகலைக் கொடுங்கள்: சொத்து வரி ரசீது, கிராம சபைத் தீர்மானத்தின் ஒரு பக்கம், வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம். பெயர், முகவரி, கதவு எண்ணை மறைத்துவிடுங்கள். இந்தப் பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, இந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டியது யார், இந்தப் பட்டியலில் என்ன பிழை என்று கேளுங்கள். கைடு போட்டு இதைச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் ஆண்டுதோறும் தாளை மாற்றிவிடலாம்.

செய்முறைதான் மிக முக்கியம். ஒரு பக்க மனு எழுதச் சொல்லுங்கள். மாணவர் தன் தெருவில் உள்ள ஒரு குறையை எடுத்து, அது யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊராட்சியில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி; மின்கம்பி தொங்கினால் மின்வாரியம்; பட்டாவில் பெயர் மாற்றம் என்றால் வட்டாட்சியர் அலுவலகம். எல்லாவற்றுக்கும் முதலமைச்சருக்கே எழுதிவிடுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. அடுத்த பிழை, இடத்தைச் சொல்லாமல் 'எங்கள் பகுதியில்' என்று எழுதுவது. மனுவில் தெருப் பெயர், கம்ப எண், எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தால் 10. சரியான அலுவலகத்துக்கு எழுதியிருந்தால் 5. மனுவை உண்மையிலேயே கொடுப்பதென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பெற்றோரோடு போய்க் கொடுக்கலாம். நகல் வைத்துக்கொள்ளவும் ஒப்புகை வாங்கவும் சொல்லிக்கொடுங்கள். ஒப்புகை இல்லாத மனுவுக்குப் பின்தொடர்ச்சி கிடையாது.

மனுவுக்குப் பதிலாகத் தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பமும் எழுதவைக்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பாதி விண்ணப்பங்களைக் கெடுப்பது 'ஏன்' என்ற சொல். 'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்டால் அலுவலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. கையில் உள்ள ஆவணத்தைத்தான் அவர் தர வேண்டும். 'இந்தச் சாலைக்கான பணி ஆணை, மதிப்பீடு இரண்டின் நகல்' என்று கேட்டால் தர வேண்டியிருக்கும்.

ஊரகப் பள்ளி என்றால் ஒரு கிராம சபைக்கு அழைத்துப் போங்கள். ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி நாட்காட்டிக்கு ஒத்துவருவது அக்டோபர் 2. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே சபையின் உறுப்பினர்கள். பிள்ளைகள் உட்கார்ந்து கவனிக்கலாம். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது மூன்று செலவினங்களைக் குறித்துவரச் சொன்னால் போதும்.

தவறியவருக்கு இரண்டு வாரத்தில் மறுவாய்ப்பு, தவறிய பகுதியில் மட்டும். இதைக் காரணம் காட்டி டி.சி.யையோ ஹால் டிக்கெட்டையோ நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு ஜூன் மாதம் 18 வயது முடிகிறது. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேரப்போகிறேன், வீடு குறிஞ்சிப்பாடி. வாக்காளர் பட்டியலில் எங்கே, எப்போது சேர வேண்டும்?
– பிளஸ் டூ மாணவி

18 வயது நிறைந்ததா என்று பார்க்கும் தகுதி நாள்கள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. ஜூனில் 18 நிறைவதால் உங்களுக்கு ஜூலை 1. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதால் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ இப்போதே கொடுத்துவிடலாம். வாக்காளர் சேவைத் தளத்திலும் செய்யலாம், உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் (பி.எல்.ஓ.) கொடுக்கலாம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பிறந்த தேதி உள்ள பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், இருப்பிடச் சான்று ஒன்று, புகைப்படம் வேண்டும். பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இடத்தைப் பொறுத்தவரை, ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம், வீட்டு முகவரியிலும் சேரலாம். இரண்டிலும் சேரக் கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். தேர்தலன்று எங்கே இருப்பீர்கள் என்று யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இடம் மாறினால் மறுபடி படிவம் 6 போடாதீர்கள். இடமாற்றத்துக்குப் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.